எஞ்சின் சூடாகும் வரை

நவம்பர் 6

குளிர் வந்துவிட்டது. இந்த வருஷத்தில் முதல் முறையாக இன்று காலை எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குக்கு வேலை. சாவியை ஒரு பல் திருப்பி, டாஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து, பிறகு முடுக்கினேன். ஒரே முறை, பிடித்துக்கொண்டது. பத்து வயது முடியப்போகிற டீசல் வண்டி, அதுவும் மூன்று சிலிண்டர் உள்ள துளியூண்டு கார், டெல்லிக் குளிரில் இப்படி எழுந்திருக்கிறது என்றால் அதற்குக் கம்பெனி காரணமில்லை. கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்ப் பல வருஷம் ஆகிறது. காரணம் நான்.

எட்டு நிமிஷம் ஓடவிட்டேன். டீசல் எஞ்சினைக் குளிரில் எழுப்பிய கையோடு ஓட்டுவது, தூங்குகிறவனை எழுப்பி ஓட்டப்பந்தயத்தில் விடுகிற மாதிரி. மெக்கானிக் இர்ஷாத் இதற்குச் சிரிப்பான். “ஒரு நிமிஷம் போதும் சார், மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்குங்கள்” என்று பத்து வருஷமாக இந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறான். கைகாரன்தான். ஆனாலும் வண்டி அவனுடையது இல்லையே.

அந்த எட்டு நிமிஷத்தில் நான் முன்கண்ணாடியில் பனியைத் துடைப்பேன், வைப்பரைத் தூக்கிப் பார்ப்பேன், டயரை ஒரு தட்டு தட்டுவேன். பிறகு பின்பக்கம் வந்து அடுக்களை ஜன்னல் வழியாக மனைவி செண்பகத்திடம் டிபன் பாக்ஸை வாங்கிக்கொள்வேன். வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்து, பின்புறம் ஜன்னல் சுவரை ஒட்டி, மூக்கு தெருவைப் பார்க்கும்படி நிறுத்துவது என் வழக்கம். இந்தக் குடியிருப்பில் ஒரே திருப்பில் அப்படி நிறுத்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டிபன் பாக்ஸுக்காக ஜன்னல் கம்பியை அறுத்து ஒரு குட்டிக் கதவு வைத்ததும் என் யோசனைதான். வெல்டரே பாராட்டினான்.

இன்று பாக்ஸை நீட்டும்போது செண்பகம் இருமினாள். மூன்று மாதமாக இந்த இருமல். டெல்லியில் யாருக்குத்தான் இருமல் இல்லை?

நவம்பர் 9

பிப்ரவரி 13-ஆம் தேதியோடு வண்டிக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு டீசல் வண்டி இந்த ஊரில் ஓடக்கூடாது. ஒன்று வெளி மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லை உடைக்கக் கொடுக்க வேண்டும். அதை உடைப்பதற்கு நான் ஒப்புவேனா?

செண்பகத்தின் தம்பி மந்திரமூர்த்தி தென்காசியிலிருந்து போன் செய்தான்.

“அத்தான், வண்டிய எப்பம் அனுப்புதீங்க? இங்கன எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்.”

“உங்க அக்காளுக்கு இருமல், பிப்ரவரி வரைக்கும் ஆஸ்பத்திரி போக வர வண்டி வேணும், மாப்ள. அப்புறம் உனக்குத்தான்.”

“நீங்க வச்சிருந்த வண்டின்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்.”

சரியாகச் சொன்னான். மற்ற விஷயங்களில் அவன் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நவம்பர் 15

மார்பு நோய்ப் பிரிவு. காலை எட்டிலிருந்து மதியம் ஒன்றுவரை நின்றோம். செண்பகத்தை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். அவள் ஊதிய கோடு காகிதத்தில் கொஞ்சம் ஏறிவிட்டு உடனே படுத்துவிட்டது. இளம் டாக்டரம்மா. வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா என்றார். இல்லை. விறகடுப்பா? கேஸ். கொசுவர்த்தி, சாம்பிராணி? ஊதுபத்திகூடக் கிடையாது என்றேன். அக்கம்பக்கத்தில் ஜெனரேட்டர், தொழிற்சாலை, வேறு ஏதாவது புகை?

“ஒன்றும் கிடையாது டாக்டர். எங்கள் வீடு அவ்வளவு சுத்தம்” என்றேன்.

செண்பகம் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிகரெட்டே பிடிக்காத பெண்ணுக்கு இந்த வயதில் மூச்சுக்குழாய் இப்படிச் சுருங்கியிருப்பது ஆச்சரியம் என்றார் டாக்டரம்மா. இரண்டு இன்ஹேலர் எழுதினார்.

திரும்பும்போது நெரிசல். ஏசியை நடுவில் வைத்தேன். வண்டி சூடேறவே இல்லை.

நவம்பர் 16

டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்தேன். அரை மூடிதான் வந்தது. டீசல் போடும் பங்க்கை மாற்றியது நல்லதாயிற்று.

நவம்பர் 27

புகைப் பரிசோதனையில் வண்டி பாஸ். இயந்திரம் காட்டிய அளவைப் பார்த்துவிட்டு அந்த ஆளே தலையாட்டினான். சான்றிதழைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

செண்பகம் மாவு அரைக்கும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆபீஸ் கேண்டீனிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன், காலையில் நீ எழுந்திருக்காதே என்றேன்.

“இருபத்தஞ்சு வருசமா குடுக்கேன், இப்ப என்ன புதுசா?” என்றாள். பேச்சு முடிவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். சரி, அவள் இஷ்டம். அடுத்த ஜூனில் நான் ரிட்டயர் ஆனால் தானே நின்றுவிடும்.

டிசம்பர் 4

இரண்டு டிகிரி குறைந்திருக்கிறது. பத்து நிமிஷம் ஓடவிட வேண்டியிருந்தது.

டிசம்பர் 11

காலை ஏழு ஐம்பது. எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் வந்தால் ஜன்னலில் செண்பகம் இல்லை. குட்டிக் கதவு திறந்திருந்தது. டிபன் பாக்ஸ் வெளியே வண்டியின் பம்பர்மேல் விழுந்து, தயிர்சாதம் வழிந்திருந்தது. வண்டியில் பட்டுவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளே ஓடினேன். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் பதினெட்டு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. இந்த வண்டி மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்!

உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 14

இன்னும் வார்டில்தான். முகத்தில் மாஸ்க். பேசக் கூடாது என்று உத்தரவு, அதனால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பிடித்தது மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் கையைப் பிடித்ததில்லை.

மதியம் வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். வைத்துக்கொண்டே அடுக்களையைக் கொஞ்சம் சுத்தம் செய்யலாம் என்று குட்டிக் கதவைச் சுற்றியுள்ள ஜன்னல் கொசுவலையைக் கழற்றினேன். ஈரத் துணியால் ஒரு இழுப்பு. துணி கறுத்துவிட்டது. மேலே உள்ள பாதி சும்மா தூசு, பழுப்பு நிறம். கீழ்ப்பாதி மட்டும் கறுப்பு. அடுப்பு எதிர்ச் சுவரில் இருக்கிறது. தாளிக்கிற பிசுக்கு இப்படி இருக்காது, அது கையில் ஒட்டும். இது மை மாதிரி உதிர்கிறது.

இந்தக் கறுப்பை எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் சைலன்ஸர் வாயை நான் துணி விட்டுத் துடைக்கிறேனே.

டெல்லியில் எந்த ஜன்னலைத் துடைத்தாலும் கறுப்பு வரும்.

டிசம்பர் 15

முன்பக்க அறை ஜன்னல் வலையைத் துடைத்தேன். பழுப்பு. படுக்கையறை ஜன்னல் வலை. பழுப்பு.

பிறகு வண்டியை எழுப்பிவிட்டு உள்ளே வந்தேன். அடுக்களை ஜன்னலில், செண்பகம் நிற்கிற இடத்தில், காலி டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, குட்டிக் கதவைத் திறந்து வைத்து நின்றேன். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டேன். சைலன்ஸர் எனக்கு இரண்டரை அடி கீழே இருந்தது. வெளியில் நின்று பார்க்கும்போது புகையே தெரியாது. உள்ளே அது சுவரில் மோதி மேலே ஏறி நேராகக் கதவு வழியாக வருகிறது.

மூன்றாவது நிமிஷம் கண் எரிந்தது. நான்கில் தொண்டை. ஐந்தாவது நிமிஷம் என்னால் நிற்க முடியவில்லை, முன்னறைக்குப் போய்விட்டேன். எஞ்சின் அங்கே தானாகச் சூடாகிக்கொண்டிருந்தது. எட்டாவது நிமிஷத்தில் சத்தம் மெலிந்து சீரானது. மிக நல்ல சத்தம்.

முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பாக்ஸை நீட்டுவாள். குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.

ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை காலை என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 16

ஆபீசுக்கு மெட்ரோவில் போனேன்.

டிசம்பர் 22

செண்பகத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக்ஸிஜன் தயாரிக்கிற மெஷின் ஒன்று கூடவே. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மூக்கில் குழாய். போன நுரையீரல் போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அழைத்துவரப் போகும்போது சூடாக்காமல் ஓட்டினேன். சாவி, விளக்கு, ஸ்டார்ட், கிளம்பிவிட்டேன். முதல் இரண்டு தெரு மெதுவாக, இர்ஷாத் சொல்கிற மாதிரி. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு உதறல்கூட இல்லை.

வண்டியைப் பூங்காச் சுவர் ஓரமாக, வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி நிறுத்திவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்தேன். நான்கு இடத்தில் நின்றோம்.

ஜனவரி 3

“ஏன் அங்கன போயி நிப்பாட்டுதீங்க?” என்று கேட்டாள்.

“இங்க பைப் உடைஞ்சு தண்ணி தேங்குது. டயருக்கு ஆகாது.”

“தண்ணி ஒண்ணும் தேங்கலையே. நான் பாத்தேன்.”

“உனக்குத் தெரியாது” என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மெஷின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவப் போய்விட்டேன். வாரத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும். இதற்கும் ஃபில்டர் உண்டு.

ஜனவரி 12

ஆஸ்பத்திரி. அவள் ஊதிய கோடு அப்படியேதான் இருக்கிறது. டாக்டரம்மா பழைய சீட்டைப் புரட்டினார். எழுந்து வர இருந்தோம். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

வீட்டில் புகை இருந்தது டாக்டர் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், ரிவர்ஸில் நிறுத்துவது, குட்டிக் கதவு, எட்டு நிமிஷம். எத்தனை வருஷம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். என் இந்தி அங்கே தடுமாறியது.

செண்பகம் மூச்சு வாங்கிக்கொண்டே குறுக்கே பேசினாள். அப்படியெல்லாம் இல்லை டாக்டர், நான் ஜன்னலை மூடித்தான் வைத்திருப்பேன், இவர் சும்மா சொல்கிறார் என்று தன் இந்தியில் சொன்னாள். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஊர்க் காற்றே இப்படி, ஆனால் இதுவும் இருந்திருக்கிறது என்றார். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டியில் ஏறிய பிறகும் கிளப்பவில்லை.

“எதுக்கு அந்தம்மாட்ட போயி சொன்னீங்க?”

“நீ எதுக்கு மறைச்ச?”

“ஊரு பூரா ஒங்கள நல்லவருன்னு சொல்லுது. ஆஸ்பத்திரிச் சீட்டுல மட்டும் வேற மாதிரி எழுதணுமா?”

“அப்ப ஒனக்குத் தெரிஞ்சுதான் இருக்கு.”

“மூச்சு முட்டுதது எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா ஏட்டி? சொல்லியிருந்தா அன்னைக்கே வண்டிய மாத்தி நிப்பாட்டிருப்பேனே!”

“சொன்னேன்.”

“எப்ப?”

“வண்டி வாங்கி ரெண்டு மூணு வருசத்துல. ஒரு வாட்டி சொன்னேன்.”

“சொல்லல.”

“சரி, சொல்லல. சவத்த விடுங்க. வண்டிய எடுங்க, குழாயி இல்லாம ரொம்ப நேரம் இருக்க முடியல.”

அவள் சொல்லவில்லை. வண்டியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் அன்றன்றைக்கு எழுதிவிடுவேன். சொல்லியிருந்தால் டைரியில் இருக்கும். பழைய டைரிகள் எல்லாம் பரணில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்த்து அவளிடம் காட்ட வேண்டும்.

ஜனவரி 14

ஞாயிறு. ஏணியை மாடி வீட்டுக்காரர் வாங்கிப் போயிருக்கிறார்.

ஜனவரி 20

மந்திரமூர்த்தி போன். குஷியாகப் பேசினான்.

“அத்தான், வண்டிக்கு எடம் ரெடி. அடுக்களைக்குப் பின்னாடி தகரம் எறக்கிட்டேன். வெயிலு படாது. காலைல பத்து நிமிசம் ஓடவிட்டு சூடு பண்ணிட்டுத்தான் எடுப்பேன், ஒங்கள மாதிரியே. நீங்க கவலையே படாண்டாம்.”

பின்னால் அவன் பெண்டாட்டி பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டது. அவள் ஏதோ சொல்ல, இவன் போனை விலக்கிக்கொண்டு, “சும்மா இருட்டி, பேசிட்டிருக்கம்லா” என்றான்.

“வண்டிய அனுப்பல, மாப்ள.”

“ஏன்?”

“உடைக்கக் குடுக்கப் போறேன்.”

“அத்தான், விளையாடாதீங்க. நல்லா ஓடுத வண்டிய எவனாவது உடைப்பானா? அக்காள பாக்க நான் வரலன்னு கோவமா?”

அவனிடம் விளக்கிச் சொல்லலாம். அங்கே நிறுத்தாதே, அப்படிச் சூடாக்காதே என்று. சொன்னால் கேட்பானா? இர்ஷாத் பத்து வருஷம் சொன்னான், நான் கேட்டேனா? கோபம் என்றே இருக்கட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

செண்பகம் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்கு ஏன் இல்லை என்று கேட்கவே இல்லை.

ஜனவரி 29

ஏணி வந்துவிட்டது. முழங்கால் வலி. பரணில் ஏறவில்லை.

பிப்ரவரி 10

ஹரியானா எல்லைக்கு அந்தப் பக்கம், வண்டி உடைக்கிற இடம். காலையிலேயே கழுவித் துடைத்துத்தான் கொண்டுபோனேன். உள்ளே வாங்கிக்கொண்ட ஆள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இதையா உடைக்கிறீர்கள், பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறீர்களே என்றான். இதை வேறு எப்போது யார் சொல்லியிருந்தாலும் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சேஸிஸ் எண் இருந்த துண்டை என் கண்முன்னால் அறுத்தெடுத்தார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வண்டிக்காக அழுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்து செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு வந்தது.

“ஓட்டம் நல்லாத்தான் இருந்துது, பாவம்” என்றாள்.

பிப்ரவரி 13

வண்டிக்கு இன்றோடு பத்து வயது முடிந்திருக்கும்.

காலை ஏழே முக்காலுக்கு நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். செண்பகம் எழுந்து அடுக்களைக்குப் போவது கேட்டது. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நேற்று மீந்த இட்லியை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு ஜன்னலை நோக்கிப் போனாள். மூக்குக் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. ஜன்னலுக்கு நான்கடி முன்னாலேயே விறைத்து நின்றது. அவளும் நின்றாள். வண்டி இல்லை, ஜன்னலுக்கு வெளியே நானும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பாக்ஸோடு திரும்பிப் பார்த்தாள். நான் போய் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் போகவில்லை.

அவளைப் படுக்கவைத்துவிட்டு ஏணியைப் போட்டு பரணில் ஏறினேன். எல்லா டைரிகளும் ஒரே சாக்கில் இருந்தன. தரையில் உட்கார்ந்து முதல் வருஷத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஆயில், பெல்ட், பேட்டரி, டயர். அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே புரட்டினேன். அவள் பொய்க்காரியாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் உண்மை. இரண்டு டைரியில் இல்லை. மூன்றாவதில் நவம்பர் முடிந்து டிசம்பர் வந்தது.

“கெடச்சுதா?” என்று அறையிலிருந்து கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன். என் கையெழுத்துதான். அதை அப்படியே கீழே எழுதி வைக்கிறேன். இனி இந்த டைரியில் எழுத வண்டி இல்லை.

‘டிசம்பர் 19. காலையில் அடுக்களைக்குள் புகை வருகிறது, நெஞ்சை அடைக்கிறது என்று செண்பகம் சொன்னாள். மாலையே இர்ஷாத்திடம் கொண்டுபோனேன். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தது. புதிது போட்டாயிற்று. வண்டி இப்போது நன்றாக மூச்சு விடுகிறது.’